மிளகுச் சாக்குக்குள் போன கைகள்

முழங்கை வரை சாக்குக்குள் விட்டிருந்த கையை என் கணவர் நவ்பர் வெளியே எடுத்தார். கையில் ஒரு சின்னத் துணிப்பை. அதன் வாயை அவிழ்த்து உள்ளே இருந்த கறுப்புப் பெட்டியைத் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். எனக்கு அவரைத் தெரிந்த இத்தனை வருஷத்தில் அப்படி அவர் என்னைப் பார்த்தது இரண்டே தடவைதான். மற்றது பெண் பார்க்க வந்த அன்று.

தம்புள்ளைக்கு அப்பால் கைவிடப்பட்ட ஒரு பழைய விமான ஓடுபாதை. காலை வெயில் அதற்குள்ளாகவே தாரைச் சூடாக்கியிருந்தது. மோட்டார் சைக்கிள் ஓட்டப் பந்தயத்துக்கு வந்தவர்கள் எங்களைச் சுற்றி வட்டமாக நின்றார்கள். சாக்கின் வாயைப் பிடித்துக்கொண்டிருந்தவள் நான்.

பெட்டியின் மேல் வெள்ளை எழுத்தில் கொழும்பு ரஞ்சித் மாத்தயாவின் பெயர் இருந்தது. மாத்தயா என்றால் சிங்களத்தில் ஐயா. அங்கே இருந்த பெட்டிகளிலேயே விலை கூடியது அது.

கூட்டத்தில் யாரோ தும்மினார்.

ஒரு மிளகுக்காரிக்கு ரேஸில் என்ன வேலை?

போன வாரம் எங்கள் மாத்தளைக் கடையைப் பற்றி நான் இங்கே எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகி கேட்டிருந்தார்: "மிளகு, கறுவா, சாதிக்காய் எல்லாம் சரி. நடுவில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்ததே, அது யாருடையது?" நியாயமான கேள்விதான். அந்த வண்டி எங்கள் வீட்டில் ஒரு ஆள் மாதிரி. அதற்கென்று ஒரு மூலை, ஒரு போர்வை, உடம்பு சரியில்லாத நாட்கள் எல்லாம் உண்டு.

வாப்பாவுக்குப் பிறகு மிளகு வியாபாரத்தை நான் எடுத்து நடத்துகிறேன். பல்லேபொல பக்கத்துத் தோட்டங்களுக்கு நானே போய் வாங்குவேன். நவ்பர் ஸ்பெயார் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் பந்தயம் ஓடுவார். கல்யாணப் பேச்சின்போது இந்த இரண்டாவது விஷயத்தை அவருடைய வீட்டார் சொல்லவில்லை. "மாப்பிள்ளைக்கு வெளியூர் போக்குவரத்து கொஞ்சம் இருக்கு" என்று மட்டும் சொன்னார்கள்.

முதல் வருஷம் கோபத்தில் போனது. இரண்டாவது வருஷம் ஒரு பந்தயத்துக்கு அவருக்குச் சாப்பாடு கொண்டு போனேன். அங்கே யாருக்கும் நேரம் பார்க்கத் தெரியவில்லை, பெற்றோலை அளந்து ஊற்றத் தெரியவில்லை, சத்தம் மட்டும் போடத் தெரிந்தது. சும்மா நிற்க முடியாமல் நான் உள்ளே இறங்கினேன். கொஞ்ச நாளில் என் அபாயாவுக்கு மேலே போடும் ஒரு சட்டையில் 'டீம் மேனேஜர்' என்று அச்சடித்துக் கொடுத்தார்கள். இரண்டு பேர் உள்ள டீமுக்கு ஒரு மேனேஜர். அந்தச் சட்டை இன்னும் இருக்கிறது. அதைப் போட்டால் நான் ஒரு சாண் உயரமாகிவிடுவேன் என்று நவ்பர் சொல்வார்.

கடையில் வாங்கின மாதிரியே

நவ்பர் ஓடும் பிரிவுக்கு ஸ்டாண்டர்ட் கிளாஸ் என்று பெயர். எல்லாருக்கும் ஒரே மாடல் வண்டி. கடையில் வாங்கின வண்டியைத்தான் ஓட்ட வேண்டும். கண்ணாடியைக் கழற்று, லைட்டுக்கு டேப் ஒட்டு, நம்பர் போடு, போ. பந்தயம் முடிந்ததும் கண்ணாடியை மறுபடி மாட்டி அதே வண்டியில் வீட்டுக்கு வந்தவர்களும் இருந்தார்கள். நவ்பர் ஒருமுறை மூன்றாம் இடத்துக் கோப்பையை ஹேண்டிலில் தொங்கவிட்டுக்கொண்டு வழியில் நாலந்தா என்ற ஊரில் நின்று எனக்கு இளநீர் வாங்கித் தந்தார்.

பிறகு லெப்டொப் வந்தது.

ஒவ்வொரு வண்டியிலும் சீட்டுக்குக் கீழே ஒரு கறுப்புப் பெட்டி இருக்கும். எஞ்சினுக்கு எப்போது எவ்வளவு பெற்றோல் கொடுக்க வேண்டும், எப்போது நெருப்பு வைக்க வேண்டும் என்று முடிவு செய்வது அதுதான். வண்டியின் மூளை என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெட்டியை மட்டும் மாற்றலாம் என்று விதியில் ஒரு சின்ன வரி இருந்தது. அந்த ஒரு வரிக்குள்ளால் ஒரு லொறியே புகுந்து வந்தது.

லெப்டொப்பைச் செருகி மாற்றியமைக்கும் வெளிநாட்டுப் பெட்டிகள் வந்தன. பின்சக்கரம் வழுக்கினால் எஞ்சினைத் தானே அடக்கும் பெட்டி. கிளட்ச் பிடிக்காமலே கியர் மாற்ற விடும் பெட்டி. டொலர் ஏற ஏற அதன் விலையும் ஏறியது. ஒரு பெட்டியின் விலைக்கு எங்கள் கடையில் ஒரு மூலை மிளகு காலியாகிவிடும். அடுத்த வருஷம் அதைவிடப் புதிய பெட்டி வரும்.

குருநாகலையிலிருந்து வந்த அண்ணன் தம்பி நின்றுவிட்டார்கள். தம்புள்ளையில் மரக்கறி மொத்த வியாபாரம் செய்த பண்டார என்பவர் தன் வண்டியை விற்றுவிட்டார். ஸ்டார்ட் கோட்டில் நிற்கும் வரிசை வருஷத்துக்கு வருஷம் குட்டையானது. கடைசியில் பந்தயச் செயலாளர், ஓய்வுபெற்ற ஒரு கணக்கு வாத்தியார், எல்லாரிடமும் சொல்லிவிட்டார்: "வரிசை இப்படியே போனால் அடுத்த வருஷம் இந்தப் பிரிவு கிடையாது."

இதற்கு மேலே உள்ள பிரிவுக்குப் போக எங்களுக்கு வசதி இல்லை. இது நின்றால் நவ்பரின் பந்தயமும் நின்றது. அன்று வீட்டுக்கு வந்து வண்டியைப் போர்வை போட்டு மூடினார். "வித்துருவோம். இடமாவது மிஞ்சும்" என்றார். மிளகு மூட்டை வைக்க இடமில்லை என்று நான் பல வருஷம் முணுமுணுத்த மூலை அது. அன்று அந்த இடம் எனக்கு வேண்டாமென்று இருந்தது.

மூட்டைகள் மேல் ஒரு கூட்டம்

மிஞ்சியிருந்த ஓட்டுநர்களை எங்கள் கடைக்கு வரச் சொன்னேன். நாற்காலி போதாமல் மிளகு மூட்டைகள் மேல் உட்கார்ந்தார்கள். ரஞ்சித் மாத்தயாவும் வந்திருந்தார். அவர் பணக்காரர்தான், ஆனால் கெட்ட மனிதர் இல்லை. என்னை நங்கி, தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். வண்டியைத் தானே ஓட்ட வயசு விடாததால் கசுன் என்ற பையனை ஓட்ட வைத்தார். அவருடைய லெப்டொப்பைக் கவனிப்பவர் சுதர்சன். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, கொழும்பில் ஒரு வங்கியின் கொம்பியூட்டர் பகுதியில் வேலை.

பெட்டிக்கு விலை எல்லை வைப்போம் என்றார் ஒருவர். பில்லை யார் நம்புவது? பெட்டியைத் திறந்து பரிசோதிப்போம் என்றார் இன்னொருவர். உள்ளே இருப்பதைப் படிக்க யாருக்குத் தெரியும்? சுதர்சனுக்குத் தெரியும், ஆனால் அவர் ஒரு டீமின் ஆள். பேச்சு தேங்காய்ச் சிரட்டைக்குள் எறும்பு மாதிரி சுற்றிச் சுற்றி வந்தது.

எனக்கு அலுத்துவிட்டது. "மிளகு வாங்கப் போனா நான் என்ன செய்வேன் தெரியுமா?" என்றேன். "விக்கிறவர் காட்டுற சாம்பிள பாக்க மாட்டேன். நான் விரும்பின மூட்டைல, நான் விரும்பின ஆழத்துல கை விடுவேன். எந்த மூட்டைல கை வைப்பேன்னு அவருக்குத் தெரியாது. அதனால எல்லா மூட்டையும் நல்லா இருக்கும். நீங்களும் பெட்டியெல்லாத்தையும் ஒரு சாக்குல போடுங்க. ரேஸ் அன்னிக்குக் காலைல ஆளுக்கு ஒண்ண எடுங்க. வந்தத மாட்டி ஓடுங்க. சாயங்காலம் அவங்கவங்க பெட்டி அவங்கவங்களுக்கு."

எல்லாரும் சிரித்தார்கள். சிரித்து முடித்த பிறகு யோசித்தார்கள். நீங்கள் செலவு செய்து வாங்கும் பெட்டியை நாளைக்கு இன்னொருவன் மாட்டி ஓடுவான் என்றால் யார் செலவு செய்வார்?

சுதர்சன்தான் முதலில் வாய் திறந்தார். "அக்கா, உண்மையா சொல்லுறன், இது எனக்கும் நிம்மதி. ஒவ்வொரு மாசமும் புதுசா ஒண்டு படிச்சுப் படிச்சு, ரேஸை நான் கண்ணால பாத்தே கனகாலம்."

ரஞ்சித் மாத்தயா கொஞ்ச நேரம் மோவாயைத் தடவினார். பிறகு சிங்களத்தில், "ஹரி, சரிதான். ஆனால் சாக்கு நங்கியின் கடைச் சாக்காக இருக்க வேண்டும். கொழும்பில் வாங்கின சாக்கில் எனக்கு நம்பிக்கை இல்லை" என்றார். மறுபடி சிரிப்பு.

சாவி கேட்ட பெட்டி

சொல்வது லேசு. பண்டார வண்டியை விற்றபோது நவ்பரிடம் விட்டுப்போன பழைய பெட்டியை அன்றைக்கே எங்கள் வண்டியில் மாட்டிப் பார்த்தோம். வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. உதைத்துப் பார்த்தார்கள், திட்டிப் பார்த்தார்கள், ஒருவர் தட்டிக்கூடப் பார்த்தார்.

சுதர்சன் சிரித்தார். "அது தன்ர சாவியத் தேடுது. களவு போகாம இருக்க அப்பிடிச் செய்து வைச்சிருக்கிறாங்கள். சாவித் தலைக்குள்ள ஒரு சின்னச் சிப் இருக்கு. அத பூட்டுக்குப் பக்கத்தில ஒட்டினாப் போதும்."

ஆகவே பெட்டியோடு அதன் சாவியும் போக வேண்டும் என்று முடிவானது. நாங்கள் மிளகு சாம்பிள் அனுப்பும் சின்னத் துணிப்பைகளில் பெட்டியையும் சாவியையும் ஒன்றாகப் போட்டுக் கட்டினோம். வெளியே இருந்து தடவினால் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். வயரில் யாரும் கை வைக்கக் கூடாது, அதுவும் விதி. அதனால் கியர் மாற்றும் வித்தை போன்ற, தனி வயர் இழுக்க வேண்டிய சிலது எந்தப் பெட்டியிலும் வேலை செய்யாது. சக்கரத்தைக் காக்கும் வித்தை மட்டும் மிஞ்சும்.

இந்த விதி ஊரெல்லாம் பரவியது. குருநாகலை அண்ணன் தம்பி போன் எடுத்து, தாங்களும் வருவதாகச் சொன்னார்கள். பண்டார புது வண்டி வாங்கிவிட்டார், விற்ற விலைக்கு மேலே கொடுத்து. பெரும்பாலானவர்கள் வண்டியோடு வந்த பெட்டியையே தேடி எடுத்து மாட்டினார்கள். ரஞ்சித் மாத்தயா மட்டும் தன் விலை கூடிய பெட்டியையே கொண்டு வந்தார். "வாங்கியாச்சு. யாருக்குப் போனாலும் போகட்டும்" என்றார். அதுவும் ஒரு வகைப் பெருமைதான்.

தேளுக்குப் பயந்து செய்த வேலை

இப்போது ஓடுபாதைக்குத் திரும்புவோம்.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. மூட்டையைப் பிரித்தால், வாங்க வந்தவர் கை விடுவதற்கு முன் விற்பவருடைய ஆள் ஒருவர் கை விட்டுக் காட்ட வேண்டும். உள்ளே தேள் இருக்கலாம், முள் இருக்கலாம். கொட்டினால் முதலில் நம் ஆளைக் கொட்டட்டும் என்பது மரியாதை. அந்தக் காலையில் நான் யோசிக்கவே இல்லை. வாய் தானாகச் சொன்னது: "இங்க பாருங்க, நீங்க முதல்ல கை விடுங்க."

நவ்பரும் பழக்கத்தில் விட்டார். வந்தது ரஞ்சித் மாத்தயாவின் பெட்டி.

குருநாகலை அண்ணன் தன் தம்பியிடம் சிங்களத்தில் சொன்னது எனக்கு நன்றாகக் கேட்டது. "சாக்கு அவங்களுடையது. பிடிச்சிருக்கிறது அவங்க. முதலில் கை விட்டது அவங்க புருஷன்." அவர் சத்தமாகச் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. பண்டாரவின் லொறியின் பின்கதவு திறக்கும் சத்தம் கேட்டது. இரண்டு பேர் வண்டியை அந்தப் பக்கம் உருட்ட ஆரம்பித்துவிட்டார்கள். செயலாளர் வாத்தியார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இவர்கள் போய்விட்டால் வரிசை இல்லை. வரிசை இல்லை என்றால் இந்தப் பிரிவும் இல்லை.

எனக்கு முகம் எரிந்தது. பந்தயம் போனால் போகட்டும். மிளகு வியாபாரத்தில் எங்களுக்கு இருப்பது பெயர் ஒன்றுதான். வாப்பா காலத்திலிருந்து யாரும் எங்கள் சாக்கைச் சந்தேகப்பட்டதில்லை.

சந்தேகம் வந்தால் என்ன செய்வது என்பதற்கும் எங்கள் தொழிலில் ஒரு வழி இருக்கிறது. மூட்டையைக் கொட்டிவிடுவோம். நான் சாக்கைத் தலைகீழாகப் பிடித்துத் தார்மேல் கொட்டினேன். துணிப்பைகள் உருண்டன. மிளகுத் தூசு குபீரென்று எழும்பியது. நவ்பரின் கையிலிருந்த பெட்டியையும் வாங்கி, பையில் போட்டுக் கட்டி, மற்றவற்றோடு எறிந்தேன்.

"எல்லாரும் வாங்க. நீங்களே சாக்குல போடுங்க, நீங்களே குலுக்குங்க" என்றேன். சிங்களத்திலும் சொன்னேன். குருநாகலை அண்ணனிடம் சாக்கை நீட்டினேன். "மாத்தயா, வாயை நீங்க பிடிங்க. எங்க ஆள் கடைசி. எல்லாரும் எடுத்து மிஞ்சினது அவருக்கு."

அவர் தயங்கினார். பிறகு வாங்கினார். உருட்டிப் போனவர்கள் உருட்டிக்கொண்டே திரும்பி வந்தார்கள். ஒவ்வொருவராகக் கை விட்டார்கள். கிளறின தூசில் ஒவ்வொருவராகத் தும்மினார்கள். ரஞ்சித் மாத்தயாவின் கசுன் எடுத்தது, எங்கள் கடை மூட்டைகளுக்கு அடிக்கும் பச்சைப் பெயின்ட் பூசிய பெட்டி. எங்களுடையது. பத்து வருஷம் பழசு. பையன் முகம் தொங்கிப் போனது.

கடைசியில் சாக்கில் ஒரே ஒரு பை. நவ்பர் கை விட்டார். அவிழ்த்தார். பார்த்தார்.

மறுபடியும் ரஞ்சித் மாத்தயாவின் பெட்டிதான்.

முதலில் சிரித்தவர் சாக்கைப் பிடித்திருந்த குருநாகலை அண்ணன். சிரிப்பில் சாக்கையே கீழே போட்டுவிட்டார். பண்டார லொறிக் கதவைச் சாத்தினார். வாத்தியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "இதுக்கு மேலே நான் யாரைச் சந்தேகப்படுறது?" என்றார்.

பெட்டியோடு வந்த ஆள்

சுதர்சன் லெப்டொப்பைத் தூக்கிக்கொண்டு எங்கள் பக்கம் வந்து நின்றார். "மாத்தயாட்டக் கேட்டுட்டன். பெட்டி போற இடத்துக்கு என்னையும் போகச் சொன்னார்" என்றார். வெயிலில் குந்தியிருந்து, எந்த வளைவில் பெட்டி என்ன செய்யும் என்று நவ்பருக்கு விரலால் தாரில் கோடு போட்டுக் காட்டினார். அதே நேரம் நவ்பர் ஒரு எட்டு போய் கசுனிடம், "அந்தப் பெட்டி உங்களத் தாங்கிப் பிடிக்காது மகன். வழுக்கினா வழுக்கும். கைய மெதுவா முறுக்குங்க" என்று சொல்லிவிட்டு வந்தார். எதிரியின் ஆள் எங்களிடமும், எங்கள் ஆள் எதிரியிடமும். இப்படி ஒரு பந்தயக் காலையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

ஓடினார்கள். ஹெல்மெட்டுக்குள் தும்மிக்கொண்டே ஓடினார்கள். வைக்கோல் கட்டு அடுக்கிய வளைவில் கசுனின் பின்சக்கரம் வழுக்கியது. பையன் கையை மெதுவாகவே முறுக்கி நேராக்கிக்கொண்டான். கடைசிச் சுற்றில் கசுனோடு பச்சைப் பெயின்ட் பெட்டிதான் முதலாவதாக வந்தது. பண்டார இரண்டாவது. நவ்பர் மூன்றாவது. நான் யாருக்காகக் கத்தினேன் என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. தொண்டை இரண்டு நாள் சரியாகவில்லை.

சாயங்காலம் பெட்டிகளைத் திருப்பிக் கொடுக்கும் நேரம். நவ்பர் விலை கூடிய பெட்டியைச் சட்டையால் துடைத்து ரஞ்சித் மாத்தயாவிடம் நீட்டினார். எப்படி இருந்தது என்று அவர் கேட்டார்.

"நல்ல பெட்டி" என்றார் நவ்பர். "நான் எவ்வளவு முறுக்கினாலும், அது யோசிச்சுப் பாத்து அளந்துதான் குடுக்குது. வீட்லயும் எனக்கு அப்பிடித்தான்." என் பக்கம் கையைக் காட்டினார். சுதர்சன் அதைச் சிங்களத்தில் எல்லாருக்கும் சொல்லிவிட்டார். பாவி.

ரஞ்சித் மாத்தயா எங்கள் பச்சைப் பெட்டியை உடனே தரவில்லை. கொஞ்ச நேரம் கையிலேயே வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அடுத்த தடவை நானும் வண்டியோடு வந்த பெட்டியைத்தான் கொண்டு வருவேன். எங்கேயோ ஒரு டிராயரில் கிடக்கிறது" என்றார். யாரும் அவரை அப்படிக் கேட்கவில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது. எங்கள் பெட்டியை நினைத்து, கசுனை நினைத்து, இந்த மனிதரை நினைத்து, வாப்பாவின் சாக்கை நினைத்து. மறைக்க ஒன்றுமில்லை, கண் கலங்கிவிட்டது. மிளகுத் தூசு என்று சொல்லிச் சமாளித்தேன்.

சாக்கை உதறி மடித்துக்கொண்டிருந்தபோது வாத்தியார் வந்தார். அன்று காலையிலிருந்து நாங்கள் எல்லாரும் அவருடைய வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். பிரிவு இருக்கா, இல்லையா? மடித்த சாக்கைத் தொட்டுப் பார்த்தார். வேலி ஓரம் திரும்பிப் பார்த்தார். அன்று பார்க்க மட்டும் வந்திருந்த சில பழைய ஓட்டுநர்கள், எந்தப் பெட்டி யாருக்குப் போனது என்று இன்னும் அங்கே நின்று வாதாடிக்கொண்டிருந்தார்கள்.

"நங்கி, அடுத்த தடவை கொஞ்சம் பெரிய சாக்காக் கொண்டு வாங்க" என்றார்.